அரோராவில் கட்டும் பொட்டலங்கள்

சிகாகோவுக்கு மேற்கே, நேப்பர்வில்லை ஒட்டி அரோரா என்று ஒரு ஊர். அங்கே ஃபீட் மை ஸ்டார்விங் சில்ட்ரன் என்ற கிறிஸ்தவ அமைப்புக்கு உணவுப் பொட்டலம் கட்டும் கூடம் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள பல வீடுகளுக்கு அது தெரிந்த இடம்தான். பள்ளியில் கேட்கிற தொண்டு நேரத்தைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும், அலுவலகத்தில் டீமோடு எங்காவது போக வேண்டும், பிறந்தநாளைக் கொஞ்சம் பயனுள்ளதாகக் கொண்டாட வேண்டும் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகப் போயிருப்பார்கள். நானும் மகனுடைய பள்ளிக்காகத்தான் போக ஆரம்பித்தேன். அவன் கல்லூரிக்குப் போய்விட்டான். நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

ரெண்டு மணி நேரம் அரிசி அள்ளிப் போட்டால் உலகத்தில் பசி தீர்ந்துவிடுமா என்று தோழிகள் கேட்பார்கள். தீராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏன் போகிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உள்ளே போனதும் பெயரைச் சரிபார்த்து, தலைக்கு ஒரு வலைத்தொப்பி கொடுப்பார்கள். தாடி இருந்தால் தாடிக்கும் ஒரு வலை. நகைகளைக் கழற்ற வேண்டும். ஒரு சிறிய காணொளி, என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு விளக்கம், அப்புறம் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகழுவல். அதன்பின் மேசை மேசையாகப் பிரிந்து நிற்போம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு புனல், அதைச் சுற்றி நான்கு தொட்டிகள். ஒன்றில் உயிர்ச்சத்தும் தாதுச்சத்தும் கலந்த தூள், ஒன்றில் உலர்ந்த காய்கறித் துணுக்குகள், ஒன்றில் சோயா, ஒன்றில் அரிசி. ஒருவர் புனலுக்கடியில் பையைப் பிடிக்க, நான்கு பேரும் வரிசையாக ஆளுக்கொரு அளவு போடுவார்கள். தூள், காய்கறி, சோயா, கடைசியாக அரிசி. பை எடை மேசைக்குப் போகும். அங்கே ஒருவர் தராசில் வைத்து, குறைந்தால் ஒரு சிட்டிகை அரிசி சேர்ப்பார், கூடினால் எடுப்பார். ஏறத்தாழ 390 கிராம் இருக்க வேண்டும். அடுத்தவர் பையில் இருக்கும் காற்றைத் தட்டி வெளியேற்றி, வாயைச் சூட்டில் ஒட்டுவார். ஒட்டிய பைகளை இன்னொருவர் எண்ணி அடுக்குவார். 36 பை சேர்ந்தால் ஒரு பெட்டி. பெட்டி நிறைந்ததும் அந்த மேசைக்காரர்கள் தங்கள் டீம் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். அரிசி தீரப்போனால் யாரோ ஓடி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார்கள்.

ஒரு பையில் 6 வேளைச் சாப்பாடு. 36 பைக்கு 216 வேளை. ஒரு குழந்தைக்கு ஆண்டு முழுக்க, நாளுக்கு ஒரு வேளை போட வேண்டுமென்றால் இரண்டு பெட்டிக்கும் குறைவாகப் போதும். 100 பெட்டி கட்டினால் 21,600 வேளை, அதாவது 59 குழந்தைகளுக்கு ஓராண்டு. கடைசியில் எத்தனை பெட்டி கட்டினோம், அது எத்தனை குழந்தைகளுக்கு ஓராண்டு வரும் என்று மைக்கில் சொல்லுவார்கள். எல்லோரும் கைதட்டுவோம். எனக்கோ அந்தக் கணக்கில் பெட்டியைவிட 365தான் பெரிதாகத் தெரியும். ஒரே ஒரு பிள்ளைக்கு அத்தனை தடவை யாரோ தண்ணீர் கொதிக்கவைத்து, சமைத்து, தட்டில் போட வேண்டும். நாங்கள் செய்வது அதற்கு முன்னால் உள்ள ஒரு சின்ன வேலை.

எடை மேசைதான் எனக்குப் பிடித்த இடம். மற்ற இடங்களில் வேகம் வேண்டும், இங்கே கண் வேண்டும். சோயா ஒரு அளவு குறைந்தால்கூடப் பையின் பக்கவாட்டில் தெரிந்துவிடும், மஞ்சள் அடுக்கு மெலிந்திருக்கும். அரிசியைச் சேர்த்து எடையைச் சரிக்கட்டிவிடலாம், ஆனால் சத்து குறைந்த பையாகத்தான் அது போகும். அந்த மாதிரி பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சின்னப் பிள்ளைகள் அவசரத்தில் ஒரு அளவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள், அது இயல்புதான். பை கைமாறும்போது ஒரு நொடி நின்று பார்த்தால் போதும்.

அந்த நான்கு பொருளைத் தேர்ந்தெடுத்ததில் யோசனை இருக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சோயாவில் அது நிறைய. நம் வீட்டில் இட்லிக்கு அரிசியோடு உளுந்து சேர்ப்பது எந்தக் குறையை நிரப்புகிறதோ, அதைத்தான் இந்தப் பையில் சோயா நிரப்புகிறது. தூளில் வைட்டமின் ஏ, இரும்பு, அயோடின் எல்லாம் கலந்திருக்கும். இறைச்சி எதுவும் கிடையாது. கோழிக் குழம்பு வாசம் வருவது வெறும் சுவைக்காகத்தான், அதுவும் சைவம். பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பையைக் கொட்டி 20 நிமிடம் வேகவிட்டால் சாப்பாடு தயார். இதற்கு மன்னாபேக் என்று பெயர். வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளைகளுக்கும் பால் மறக்கும் குழந்தைகளுக்கும் உருளைக்கிழங்கில் செய்த வேறு கலவைகளும் உண்டு.

எலும்பும் தோலுமாகிவிட்ட பிள்ளைக்கு இந்தச் சாப்பாடு மருந்து ஆகாது. கடுமையான ஊட்டக்குறைவில் விழுந்த உடம்பு சாதாரணச் சாப்பாட்டைத் தாங்காது. அதற்கு மருத்துவர் மேற்பார்வையில் தனிச் சிகிச்சை உணவு வேண்டும். 1996இல் ஆந்த்ரே ப்ரியான் என்ற பிரெஞ்சு மருத்துவர் உருவாக்கிய வேர்க்கடலைப் பசை, பிளம்பிநட், அந்த வேலையைச் செய்கிறது. வீட்டிலேயே வைத்துக் கொடுக்க முடிகிற அந்தப் பசை எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. பிள்ளை அந்த நிலைக்குப் போய்விடாமல் தடுக்கும் அன்றாடச் சோறுதான் எங்கள் பை.

இதைத் தொடங்கியவர் ரிச்சர்ட் பிரவுட்ஃபிட், மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர். 1974இல் ஃபிஃபி புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டபோது நிவாரணக் குழுவோடு அங்கே போனவர். கண்ணெதிரே பட்டினியில் குழந்தைகள் சாவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியாமல், 1987இல் இந்த அமைப்பைத் தொடங்கினார். என்ன கொடுத்தால் சுருங்கிப்போன வயிறு ஏற்றுக்கொள்ளும் என்பதற்குப் பதில் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. பெரிய உணவு நிறுவனங்களின் விஞ்ஞானிகள் உதவியோடு 1990களில்தான் இன்றைய கலவை உருவானது. இப்போது ஆண்டுக்கு 30 கோடி வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போகிறது. ஹெய்ட்டி, பிலிப்பைன்ஸ், எஸ்வாட்டினி (பழைய ஸ்வாசிலாந்து) என்று பல நாடுகளில் பள்ளிகள், அனாதை இல்லங்கள், சிறு மருத்துவமனைகள் நடத்தும் ஊழியங்கள் வழியாகப் பிள்ளைகளைச் சேருகிறது.

இவ்வளவையும் மெஷினிலேயே கட்டிவிடலாமே, எதற்கு இத்தனை கைகள் என்று என் கணவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வது சரிதான், மெஷின் இன்னும் வேகமாகக் கட்டும். ஆனால் மெஷின் காணிக்கை போடாது. பொருளுக்கு ஆகும் செலவைப் பொதுமக்கள் நன்கொடையாகத் தர வேண்டும். பல ஆண்டுகள் ஒரு வேளைக்கு 22 சென்ட் என்று சொன்னார்கள், பிறகு விலை ஏறியது. தன் கையால் அரிசி அள்ளிப் போட்டவர்தான் வெளியே வரும்போது பணப்பையையும் திறக்கிறார். பையைக் கட்டுவதோடு, பசியைப் பற்றிக் கவலைப்படுகிற ஆட்களையும் அந்தக் கூடம் உருவாக்குகிறது. எனக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டம், நாசரேத் பக்கம். வளையலைக் கழற்றி என் கைப்பையில் போட்டுவிட்டு, கொண்டைக்கு மேல் வலைத்தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டாள். சோயாத் தொட்டியில் கையுறையோடு ஒரு பிடி அள்ளிப் பார்த்து, “ஏட்டி, இது நம்ம மீல் மேக்கர்லா?” என்றாள். ஆமாம், அதைப் பொடித்தது என்றேன். பிறகு அரிசியை நுனிவிரலில் நசுக்கிப் பார்த்தாள். அவளுக்குச் சோயா அளக்கும் வேலை கிடைத்தது. பக்கத்தில் நின்ற பையன் ஒரே தடவை சொன்னதும் புரிந்துகொண்டாள். அளவைத் தலைதட்டி, சமமாக்கி, புனலில் ஒரு மணிகூடச் சிந்தாமல் போட்டாள். அறுபது வருஷம் படியில் அரிசி அளந்த கை அது.

சங்கடம் தரையில்தான் வந்தது. இத்தனை பேர் அள்ளிப் போடும் இடத்தில் அரிசி சிந்தத்தான் செய்யும். அம்மாவால் அதை மிதிக்க முடியவில்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். நம் வீடுகளில் அரிசியை மிதித்தால் தொட்டுக் கும்பிடச் சொல்லி வளர்த்தவர்கள். குனிந்து பொறுக்கப் போனவளை நான் தடுத்தேன். தரையில் விழுந்தது பிள்ளைகளுக்குப் போகாது, கூட்டி எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு மேசையோரத்தில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, புனலில் இருந்து தெறிக்கும் அரிசி கீழே விழாமல் பிடித்துத் தொட்டியில் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் எதிரே நின்ற இரண்டு பள்ளிப் பெண்களும் அவளைப் பார்த்து அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். மொழி தெரியாமலே அந்த மேசையில் சிந்துவது நின்றுபோனது.

வேலை முடிந்ததும் சமைத்த சாப்பாட்டைச் சின்னக் கிண்ணத்தில் ருசி பார்க்கத் தருவார்கள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னாள்: “காரம் இல்ல, உறைப்பு இல்ல. பசிச்ச வயித்துக்கு இதுதான் ஒத்துக்கிடும்.” அப்புறம், “அன்னைக்கு எங்களுக்கு யாரு இப்படி நின்னு பொட்டலம் போட்டாவளோ” என்றாள்.

அதுவரை நான் அந்தக் கோணத்தில் யோசித்ததே கிடையாது. அம்மா ஆரம்பப் பள்ளியில் படித்தது 1960களின் தொடக்கத்தில். 1956இல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டம் அப்போது ஊர் ஊராகப் பரவியிருந்தது. அரசு ஒரு பங்கு, ஊர்க்காரர்கள் ஒரு பங்கு என்று போட்டுத்தான் அந்தச் சோறு வெந்தது. 1961 முதல் கேர் என்ற அமெரிக்க அமைப்பும் அதற்குப் பொருள் கொடுத்தது. பால் பவுடர், எண்ணெய், கோதுமை ரவை. கைகுலுக்கும் இரண்டு கைகள் போட்ட சாக்குகளை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. காலியான எண்ணெய் டின்னில் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள், அந்தச் சாக்கைப் பிரித்துத் துணியாகத் தைத்திருக்கிறார்கள். பால் பவுடரை உள்ளங்கையில் வாங்கி நக்கினால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் நெம்பி எடுப்போம் என்று அம்மா சொல்வாள்.

அந்தக் கைகுலுக்கும் கைகளைச் சின்னமாக வைத்திருந்த அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம் யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது. செய்தியைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அமெரிக்காவுக்கு உபரிக் கோதுமையைத் தள்ளிவிட வேண்டியிருந்தது, பனிப்போர்க் காலத்து அரசியல் கணக்கும் இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மதியம் வெறும் வயிற்றோடு இருந்திருக்க வேண்டிய என் அம்மா அதைச் சாப்பிட்டாள், பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கவில்லை, ஆசிரியப் பயிற்சி வரை படித்தாள். அவள் படித்ததால்தான் நான் இங்கே இருக்கிறேன். அந்தச் சாக்கைக் கட்டி அனுப்பிய ஆளை நான் குறைவாகப் பேச மாட்டேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அம்மா சாக்கைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சமையல்காரப் பெரியம்மாவைப் பற்றி. எந்தப் பிள்ளை ராத்திரி சாப்பிடாமல் படுத்தது என்று அவளுக்கு முகத்தைப் பார்த்தே தெரியுமாம். அந்தப் பிள்ளையின் தட்டுக்கு வரும்போது அகப்பை கொஞ்சம் ஆழமாக இறங்குமாம். எதுவும் கேட்க மாட்டாளாம். மழை நாளில் விறகு நனைந்துவிட்டால் தன் வீட்டிலிருந்து சுள்ளி கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். கடல் தாண்டி வந்த கோதுமை ரவையைப் பிள்ளைகள் சாப்பிடுகிற மாதிரி வெங்காயம் தாளித்து உப்புமாவாக்கியது அவள்தான். அம்மா அவளை மறக்கவில்லை.

இதைக் கேட்ட பிறகு எடை மேசையில் நிற்கும்போது எனக்கு ஓர் ஆள் கண்ணில் நிற்கிறாள். ஹெய்ட்டியிலோ எஸ்வாட்டினியிலோ, கரி அடுப்பு முன்னால் நின்று, நான் ஒட்டச் சொல்லி அனுப்பிய பையைக் கிழித்துக் கொட்டப்போகும் ஒரு பெண். தண்ணீர் சுமந்து வந்தவள் அவள்தான். அந்த நாட்டு ருசிக்கு எதைச் சேர்க்கலாம் என்று தெரிந்தவளும், எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை என்று கவனிக்கப்போகிறவளும் அவள்தான். வேலை முடிந்து நாங்கள் காப்பி குடிக்கப் போய்விடுவோம். அவளுக்கு மறுநாள் மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும். உண்மையான ஊழியம் அவளுடையது என்று நான் நினைக்கிறேன். இந்த மாதிரி அமைப்புகள் தொண்டர்களின் படங்களைப் போடும் அளவுக்கு இவர்களின் படங்களையும் போட வேண்டும்.

ஹெய்ட்டி என்று எழுதும்போது ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1980கள் வரைக்கும் அந்த நாடு தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கு அவர்களுடைய நெற்களஞ்சியம். 1990களின் நடுவில், வெளிநாட்டு நெருக்கடியால் அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த மலிவு அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அங்கே அதை மியாமி அரிசி என்பார்கள். உள்ளூர் விவசாயியால் அந்த விலைக்கு விற்க முடியவில்லை. நிலத்தை விட்டுவிட்டு நகரத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். 2010இல், ஹெய்ட்டியை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குச் சில வாரங்கள் கழித்து, முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் அமெரிக்க செனட் குழு முன்னால் அந்தக் கொள்கை தவறு என்று ஒப்புக்கொண்டார். தன் ஆர்கன்சா மாநில விவசாயிகள் சிலருக்கு அது லாபமாக இருந்திருக்கலாம், ஹெய்ட்டியால் தன் மக்களுக்குச் சோறு போட முடியாமல் போனது என்று வருந்தினார்.

அப்படியானால் நாங்கள் அள்ளிப் போடும் அரிசியும் அந்தக் கணக்கில்தானே சேரும்? இந்தக் கேள்வி எனக்குள் ரொம்ப நாள் இருந்தது. சந்தையில் மலிவு விலைக்கு விற்கப்படும் அரிசியும், பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளையின் தட்டில் விழும் அரிசியும் ஒன்றல்ல. வாங்கிச் சாப்பிடக் காசே இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு வேளை போட்டால் எந்த விவசாயியின் வியாபாரமும் கெடாது. நிலநடுக்கம் வந்து எல்லாம் இடிந்து கிடக்கும்போதோ, 2024இல் நடந்த மாதிரி ஆயுதக் கும்பல்கள் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்தையே முடக்கும்போதோ, நாட்டுக்குள் ஏற்கெனவே வந்து இருப்பில் இருக்கும் பைகள்தான் கைகொடுக்கும். ஆனால் பக்கத்து வயலிலேயே விளைகிற இடத்துக்குக் கடல் தாண்டிப் பை அனுப்புவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே அந்த விவசாயியிடமே வாங்கிச் சமைத்தால் பிள்ளைக்கும் சோறு, அவனுக்கும் வருமானம்.

அந்த வழியில் போகிறவர்களும் இருக்கிறார்கள். மேரிஸ் மீல்ஸ் என்று ஒரு அமைப்பு. ஸ்காட்லாந்தில் டால்மாலி என்ற சின்ன ஊரில், ஒரு தகரக் கொட்டகையிலிருந்து வளர்ந்தது. மேக்னஸ் மெக்ஃபார்லேன் பேரோ என்பவர் 1992இல் போஸ்னியப் போர் அகதிகளுக்கு வண்டியில் உணவும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுத்ததில் தொடங்கி, 2002இல் பஞ்சத்தில் தவித்த மலாவியில் 200 பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போட ஆரம்பித்தார். சாகக் கிடந்த ஒரு தாயைப் பார்க்கப் போன இடத்தில், அவளுடைய மூத்த மகனிடம் உனக்கு என்ன ஆசை என்று கேட்டிருக்கிறார். வயிறாரச் சாப்பிட வேண்டும், என்றாவது ஒரு நாள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றானாம் அந்தப் பையன். அதனால் பள்ளிக்கூடத்தில்தான் சோறு என்று தீர்மானித்துவிட்டார்கள். மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவு அந்த நாட்டிலேயே வாங்கப்படுகிறது. விடியற்காலையில் வந்து பெரிய பானைகளில் கஞ்சி காய்ச்சுவது அந்தந்தப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மா, பாட்டிமார். சம்பளம் கிடையாது, முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளி நாளெல்லாம் அப்படிச் சாப்பிடுகிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு: கை அரோராவுக்கு, காசில் பெரும்பகுதி இந்த மாதிரி உள்ளூரிலேயே வாங்கிச் சமைக்கிற இடங்களுக்கு.

அடுத்தது மதம். தமிழர்களிடம் கிறிஸ்தவ ஊழியம், குழந்தைகளுக்குச் சோறு என்று சொன்னால் உடனே எழும் சந்தேகம் எனக்குத் தெரியும். சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தெற்குச் சீமையை உலுக்கியபோது, திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று அப்போதே சொன்னார்கள். பஞ்ச காலத்தில்தான் கேனன் மர்காஷிஸ் என்ற மிஷனரி நாசரேத்துக்கு வந்தார். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சோறு போட்டார், தொழிற்பள்ளி வைத்து தச்சும் தையலும் கற்றுக்கொடுத்தார். 1908இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். இன்று அந்த ஊரில் இருக்கும் பள்ளி, மருத்துவமனை, தொழில் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. எங்கள் குடும்பமும் அந்தக் காலத்தில் சபைக்கு வந்த குடும்பம்தான் என்று தாத்தா சொல்வார். பசியால் வந்தார்களா, விசுவாசத்தால் வந்தார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பிள்ளை சாகக் கிடந்த வீட்டில் அது இரண்டு கேள்வியாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆனாலும் என் நிலை தெளிவு. தட்டுக்கு முன்னால் நிபந்தனை வைக்கக் கூடாது. ஜெபம் செய்தால்தான் சோறு என்று யாராவது ஒரு பிள்ளையிடம் சொன்னால், அவர் இயேசுவின் பெயரைச் சொல்லவே தகுதியில்லாதவர். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் மூன்று தடவை கேட்கிறார், நீ என்னை நேசிக்கிறாயா என்று. ஒவ்வொரு தடவையும் அதற்கு அடையாளமாகத் தம் ஆடுகளைக் கவனித்துக்கொள்ளத்தான் சொல்கிறார்.  அங்கே எந்த ஆட்டிடமும் எதுவும் கேட்கச் சொல்லவில்லை.

அரோரா கூடத்தில் கடைசியாகப் பெட்டிகளைச் சுற்றி நின்று ஜெபம் செய்வார்கள். விருப்பம் உள்ளவர்கள் பெட்டிமேல் கை வைக்கலாம், இல்லாதவர்கள் ஒதுங்கி நிற்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். எங்களோடு அடிக்கடி வரும் மதுரைத் தோழி முருக பக்தை. கண்ணை மூடி, அவளுக்குத் தெரிந்த மாதிரி கும்பிட்டுவிட்டு வருவாள். பக்கத்து மேசையில் ஹிஜாப் போட்ட பெண்கள் குழுவாக வந்து கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அம்மா அன்று பெட்டிமேல் கை வைத்துத் தமிழிலேயே வாய்விட்டு ஜெபித்தாள். போகிற இடத்தில் கெடாமல் போய்ச் சேரணும், சமைக்கிறவளுக்குச் சுகம் குடும் ஆண்டவரே என்றாள். சமைக்கிறவளுக்காக அங்கே யாரும் ஜெபித்து நான் அதுவரை கேட்டதில்லை.

எங்கள் ஊர்ச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். பனையேறிக் கஞ்சி குடித்த வீடுகளும் அதைத் தவறவிட்டதில்லை. அப்புறம் அசன விருந்து. வருஷத்துக்கு ஒரு தடவை சபை மொத்தமும் வாசலில் பந்தி பந்தியாக உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடும். கடையில் பட்டியல் போட்டு வாங்குகிறவனும் பட்டினி கிடக்கிறவனும் ஒரே பந்தியில் அடுத்தடுத்து இருப்பார்கள், யார் வாங்க வந்தவர், யார் கொடுத்தவர் என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உலகத்தில் எல்லாப் பிள்ளைகளின் சோறும் அப்படி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. தமிழ்நாட்டில் 1982இல் எம்ஜிஆர் சத்துணவாக விரித்த அந்தப் பந்தி, 2022இல் காலை உணவு வரைக்கும் வந்திருக்கிறது. அது அரசின் கடமை, பிள்ளையின் உரிமை. அப்படியொரு அரசு வாய்க்காத இடங்களுக்குத்தான் இந்தப் பைகள் போகின்றன.

இந்தப் பக்கம் இருப்பவர்கள் போக நினைத்தால், அரோராவைத் தவிர ஷாம்பர்க், லிபர்ட்டிவில் ஊர்களிலும் கூடங்கள் உண்டு. இணையத்தில் நாளும் நேரமும் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரலாம். முன்பக்கம் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இடம் கிடைப்பது கஷ்டம், பனி கொட்டும் மாதங்களில் வார நாள் காலை நேரங்களுக்குத்தான் ஆள் தேவை. கோடையில் ஊரிலிருந்து வந்து, பேச ஆள் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் அப்பா அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்து லேபிள் ஒட்டலாம். நிற்க முடிந்தவர்களுக்கு அரிசித் தொட்டியைக் கொடுங்கள்.